நெருப்பும் ஆடையும்

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் தொழிலாளி, வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, தேகத்தில் தேங்கிய மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கிய பிறகே உள்ளே அடியெடுத்து வைக்க வேண்டும். உடுத்தியிருப்பதும் பருத்தி ஆடையாக இருக்க வேண்டும். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சுபாவமுடைய பருத்தியை, வெடிமருந்து புழங்கும் இடத்துக்கு உகந்த வஸ்திரமென்று வைத்தது முதற்பார்வையில் விபரீதமாகத் தோன்றலாம்.

காரணம் இரண்டு. சுமார் 220 டிகிரி செல்சியஸில் நைலானின் ஒரு வகையும், 260 டிகிரியை ஒட்டிப் பாலியெஸ்டரும் உருகிவிடுகின்றன. கம்பி மத்தாப்பின் பொறியோ 1000 டிகிரிக்கு மேற்பட்டது. உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டால் ரணம் ஆழமாகும். பருத்தி உருகுவதில்லை, கருகும். எரிந்தாலும் பசைபோல் உடம்பைப் பற்றுவதில்லை. தீபாவளிக்குப் பருத்தி உடுத்தச் சொல்வது இதனால்தான்.

மற்றொரு காரணம் ஈரம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்க, பாலியெஸ்டர் 0.4 சதவீதத்துடன் நின்றுவிடுகிறது. ஈரமுள்ள இழையில் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். வறண்ட இழையில் உராய்வினால் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொறியாகத் தாவும். மருந்து பற்ற அதுவே போதும். பட்டாசு உலர்வதற்கு வரப்பிரசாதமாக அமைந்த கரிசல் பூமியின் வறண்ட காற்றே இந்த அபாயத்தையும் வளர்க்கிறது.

இனி, கணநேரப் பொறியாக அன்றி நெடுநேரம் நிற்கும் வேறொரு உஷ்ணத்தைப் பார்ப்போம். ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கி சைலன்சர், குழலிலிருந்து சீறும் வாயுவைத் தன் அறைகளில் விரியவிட்டு ஓசையைத் தணிக்கிறது. ஆனால் வாயுவின் வெப்பத்தில் ஒரு பகுதி உலோகத்தில் தங்கிவிடுவதால், தொடர்ந்து சுட்டால் அது சில நூறு டிகிரி வரை காய்கிறது. அதன்மேல் போர்த்தும் உறைக்கு நைலான் உதவாது, பருத்தியும் கருகிப்போகும். உள்ளே கண்ணாடி இழை அல்லது சிலிக்கா, வெளியே உருகாத அராமிட் என்று அடுக்குவதே உசிதம். 1965-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபானி குவோலெக் கண்ட கெவ்லார் இந்த அராமிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. உறை கையைக் காக்குமே அன்றி உலோகத்தை ஆற்றாது. காற்றுப் படாததால் சூடு இன்னும் நெடுநேரம் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் அராமிட்டையே பட்டாசு ஆலைக்கும் கொண்டுவரலாமே என்று கேட்கலாம். தீயணைப்பு வீரர் அணியும் நோமெக்ஸ் என்ற அராமிட் துணியின் ரகம் ஒன்றில், மின்னூட்டம் தேங்காதிருக்க 2 சதவீதக் கார்பன் இழையைக் கலக்கிறார்கள். அந்தக் கலப்பில்லாத துணி, தீயைத் தாங்கினாலும், மருந்து அறையில் தானே தீயை மூட்டிவிடக்கூடும். ஆகவே, எத்தனை டிகிரி தாங்கும் என்று விசாரிப்பதற்கு முன், வருவது நெடுநேரச் சூடா, கணநேரச் சுவாலையா, மின்பொறியா என்று நிர்ணயிப்பவனே சரியான துணியைத் தேர்ந்தெடுப்பான்.