எச்-1பி விசா
எச்-1பி விசா என்பது சிறப்புக் கல்வித்தகுதி தேவைப்படும் பணிகளில் வெளிநாட்டவரைத் தற்காலிகமாக அமர்த்த அமெரிக்க நிறுவனங்களுக்கு வழிசெய்யும் விசா ஆகும். இது 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் உருவானது. பொதுவான ஆண்டு உச்சவரம்பு 65,000.

அதே பணியில் உள்ளவர்களுக்கு நிறுவனம் தரும் ஊதியம், அப்பகுதியில் நிலவும் ஊதியம் ஆகிய இரண்டில் கூடுதலானதையே இவர்களுக்கு வழங்க வேண்டும். உள்ளூர்ப் பணியாளரின் ஊதியம் சரியாமல் காப்பதே இதன் நோக்கம்.

ஆயினும் வேலை மாறுவது எளிதன்று. தேனி மாவட்டத்திலிருந்து லோயர் கேம்ப் மலைச்சாலை வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், மாநில எல்லை தாண்டினாலும் விசா இன்றி வேறு தோட்டத்துக்கு மாறலாம். எச்-1பி பணியாளருக்கோ புதிய நிறுவனம் தனியே மனு அளிக்க வேண்டும். வேலை போனால் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். இதனால் அவர் நியாயமற்ற ஊதியத்துக்கும் இணங்க நேரிடலாம். அது உள்ளூர்ப் பணியாளரையும் பாதிக்கும்.