கல்லூரி மாற மதிப்பெண் மட்டுமா வழி?

கேரளத்தின் வடகரப்பதி மாணவர் ஒருவர் சுமாரான மதிப்பெண்ணோடு படிப்பின் நடுவில் சித்தூர் அரசுக் கல்லூரிக்கு மாற நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது காலியிடத்தை. 1947இல் தொடங்கி, இன்று கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அக்கல்லூரியில் அதே பாடத்தில் இடம் இல்லையென்றால் உயர்ந்த மதிப்பெண்ணும் உதவாது. பலர் போட்டியிட்டால் மதிப்பெண்தானே முடிவு செய்யும் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் வணிகவியலுக்கு இருக்கும் நெருக்கடி எல்லாப் பாடங்களுக்கும் இருப்பதில்லை. எல்லைக்கு அப்பால், கோவை பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து வருபவருக்கோ பாடத்திட்டமும் பொருந்த வேண்டும். 2024இல் கேரளம் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பு கிரெடிட் கணக்கில் நடப்பதால், முடித்த தாள்களில் எவை ஏற்கப்படும் என்பதைப் பொறுத்தே ஓராண்டு வீணாவதும் மிச்சமாவதும். மதிப்பெண்ணை நினைத்துத் தயங்குவதைவிட, பாடத்திட்ட நகலோடு கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பதே புத்திசாலித்தனம்.