ஒரு நாள் ஊரைப் பார், தோழா!

தொழிலாளத் தோழா! கிண்டித் தொழிற்பேட்டையின் வாயிலுக்குள் காலையில் நுழைகிறாய். கதிரவன் மேற்கே சாய்ந்த பிறகு வெளியே வருகிறாய். ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் உடம்பு வலிக்கிறது, படுத்துவிடுகிறாய். சென்னைவாசி என்று உன் குடும்ப அட்டை கூறுகிறது. ஆனால் சென்னையை நீ பார்த்ததுண்டா? வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஓடும் சாலைதான் உனக்குச் சென்னை. அந்தச் சாலையிலும் நீ காண்பது முன்னே நிற்பவன் முதுகைத்தான். பேருந்தில் அவ்வளவு நெரிசல்!

"ஊர் சுற்றுவது பணக்காரன் பொழுதுபோக்கு, நமக்கேன் அந்த வேலை?" என்பாய். அல்ல தோழா, அல்ல! சீமையிலிருந்து பயணி வருகிறான். வழிகாட்டி அவனை அழைத்துப் போகிறான். இது இன்ன துரை கட்டிய கோட்டை, அது இன்ன நவாபு கட்டிய மாளிகை என்று அடுக்குகிறான். துரை கல் சுமந்தாரா? நவாபு சுண்ணாம்பு குழைத்தாரா? கல் சுமந்தவனின் பேரனும் சுண்ணாம்பு குழைத்தவளின் பேத்தியும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரைக் காட்டுவார்தான் இல்லை!

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடு. ஒரே ஒரு நாள். பேருந்துக்கும் மின்சார ரயிலுக்கும் சில்லறை, பசிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, இவ்வளவு போதும். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியைக் கூடவே எடுத்துச் செல்: இங்கே வந்தவன் எதற்கு வந்தான்? எதை விட்டுச் சென்றான்?

மலையும் பாலமும்

விடியற்காலையில் கிண்டியில் ரயில் ஏறி, தாம்பரம் திசையில் அடுத்த நிலையத்தில் இறங்கு. பரங்கிமலை! பெயரைக் கவனித்தாயா? பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தது போர்த்துக்கீசியரை. மலையுச்சியில் நிற்கும் தேவாலயம் அவர்கள் 1523ஆம் ஆண்டில் எழுப்பியது. ஏசுநாதரின் சீடர் தோமையர் இங்கே உயிர் நீத்தார் என்பது கிறித்தவப் பெருமக்களின் நம்பிக்கை. உள்ளே ஒரு பழைய கற்சிலுவை. அதில் பொறித்திருப்பது தமிழுமல்ல, இலத்தீனுமல்ல. பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து! பரங்கியர் கப்பல் வருவதற்கு முன்பே மேற்காசியாவுக்கும் நம் கரைக்கும் போக்குவரத்து இருந்தது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

இதே மலையடிவாரத்தில்தான் 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்ற ஆங்கிலேயர், இந்தியத் துணைக்கண்டத்தையே அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, ஏறக்குறைய அரை டன் எடை! அதைக் குன்றுதோறும் கோபுரந்தோறும் தூக்கிச் சென்றது யார்? லாம்டனின் பெயர் வரலாற்று ஏட்டில் இருக்கிறது. தூக்கிச் சென்ற தோள்களுக்கு அந்த ஏட்டில் பெயரே இல்லை.

மலையிறங்கிச் சைதாப்பேட்டைக்கு வா. அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பரில் இந்த ஆறு கரையுடைத்துக் கொண்டு வீடுகளுக்குள் புகுந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அன்று மீனவத் தோழர்கள் கடலில் ஓட்டும் படகைத் தெருவில் ஓட்டி வந்து மக்களைக் கரை சேர்த்தார்கள். ஏறுகிறவனை எந்தச் சாதி, எந்த மதம் என்று படகோட்டி கேட்டானா?

ஆற்றின்மீது இன்று நிற்பது மறைமலை அடிகள் பாலம். அதற்கு முன்பு இங்கே நின்றது மர்மலாங் பாலம். 1726ஆம் ஆண்டில் அதைக் கட்டியது யார்? அரசாண்ட நவாபா? கம்பெனித் துரையா? இருவருமல்லர்! கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். ஆர்மீனியா எங்கே, அடையாறு எங்கே! தம் கைப்பணத்தைக் கொட்டிப் பாலம் கட்டினார். அதைப் பழுதுபார்த்துக் காக்கவும் பணம் ஒதுக்கினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். வியாபாரம் செய்யத்தான் வந்தார், பொருள் குவித்தார், மறுப்பதற்கில்லை. ஆயினும் குவித்ததில் ஒரு பங்கை, இந்த ஊர் ஏழையும் நடக்கும் வழியாக்கினார்.

மயிலையும் திருவல்லிக்கேணியும்

அங்கிருந்து பேருந்தேறி மயிலாப்பூருக்குப் போ. கோபுரமும் குளமும் கண்டபின், சற்றுத் தொலைவிலுள்ள சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கூம்பையும் பார். கபாலீசுவரர் கோயில் முன்பு கடலோரத்தில் இருந்தது. பரங்கியர் காலத்தில் அது அழிந்தது. இன்று நாம் காண்பது பின்னர் எழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் பாலம் கட்டியவர்கள் என்று நான் கதை சொல்லமாட்டேன். இடித்தவர்களும் உண்டு, எடுத்துச் சென்றவர்களும் உண்டு. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கூடவே எடுத்து வரச் சொன்னேன்.

அடுத்தது திருவல்லிக்கேணி. வாலாஜா பள்ளிவாசல், மக்கள் வழக்கில் பெரிய மசூதி. ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் கருங்கல்லால் கட்டியது. அங்கே கல்லில் பொறித்துள்ள பாரசீகக் கவிதையை இயற்றியவர் ஒரு மௌல்வி என்று எண்ணுவாய். இல்லை தோழா, மக்கன் லால் என்ற இந்துப் புலவர்!

இன்னொன்றும் கேள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து வீடிழந்து, நிலமிழந்து இங்கே வந்து சேர்ந்தார்கள் சிந்தி இந்துக்கள். மதத்தின் பெயரால் நடந்த வெறியாட்டத்தில் எல்லாம் பறிகொடுத்தவர்கள். இசுலாமியர்மீது ஆயுள் முழுதும் பகை வளர்க்க அவர்களுக்குக் காரணம் இல்லையா? ஆனால் மயிலாப்பூரில் அவர்கள் அமைத்த சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரமலான் திங்களில் இதே பெரிய மசூதிக்கு உணவு கொண்டுவந்து, நோன்பு திறப்போருக்குத் தம் கையால் பரிமாறினார்கள். ஓராண்டல்ல, ஈராண்டல்ல, பல்லாண்டுகளாக! பகையை மூட்டிப் பிழைப்போர் இந்தக் காட்சியை வந்து பார்க்கட்டும்.

கடற்கரையில் ஒரு பாடம்

பிற்பகலில் கடற்கரைக்கு வா. சுண்டல் வாங்கிக்கொள். அதோ உழைப்பாளர் சிலை! நான்கு பேர் பாறையொன்றை நெம்புகிறார்கள். நரம்பு புடைக்கிறது, முதுகு வளைகிறது. சென்னையில் துரைக்குச் சிலையுண்டு, தலைவருக்குச் சிலையுண்டு, புலவருக்குச் சிலையுண்டு. பெயரில்லாத உனக்கும் சிலையுண்டு, அது இதுதான். 1959ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பட்ட இதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வந்தவர் கையில்தான் உன் உருவம் வெண்கலமாயிற்று!

இந்தக் கடற்கரை மணலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில், இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாளைக் கொண்டாடினார் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். மீனவர் குலத்தில் பிறந்தவர். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையில்.

சிலையடியில் உட்கார்ந்து, நேரமின்மையால் நாம் போகாத பெரம்பூரை நினைத்துப் பார். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவராய் வந்தவர் வாடியா, பம்பாயைச் சேர்ந்த பார்சி. அவரோடு தோள்கொடுத்து நின்றவர் தமிழ்த்தென்றல் திரு.வி.க. பார்சியும் தமிழரும், இந்துவும் இசுலாமியரும் ஒன்றாய் நின்றபோது முதலாளி நடுங்கினான். 1921இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அப்போது நடந்தது என்ன? ஆதிதிராவிடத் தோழர்கள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம் எனத் தொழிலாளர் பிளந்து போயினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீசார் சுட்டனர். சில திங்களில் வேலைநிறுத்தம் தோற்றது. நெஞ்சு பொறுக்குதில்லை, ஆயினும் மறைக்கக்கூடாத பாடம்! தொழிலாளி சாதியால் பிளந்த அன்று, வென்றவன் ஆலை முதலாளி ஒருவனே.

கோட்டையும் கட்டுமரமும்

கடலோரமாகவே வடக்கே போ. புனித ஜார்ஜ் கோட்டை! 1639இல் கம்பெனிக்காரர்கள் மணல்மேட்டை வாங்கினார்கள், கோட்டை எழுப்பினார்கள், நாட்டையே விழுங்கினார்கள். அன்று இங்கே துறைமுகமில்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும், ஆளுயர அலையைக் கடந்து, துரையையும் துரைசாணியையும் மூட்டைகளையும் கரையேற்றியவர்கள் நம் படகோட்டிகள். அவர்கள் ஒரு வாரம் துடுப்பைக் கீழே வைத்திருந்தால் கோட்டை பட்டினி கிடந்திருக்கும்! கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலம் தன் அகராதியில் எடுத்து வைத்துக்கொண்டது. அந்தக் கோட்டைக்குள் இன்று கூடுவது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று நிறைவேறியதும் அங்கேதான். ஆள வந்தவன் போனான். படகோட்டியின் பேரன் வாக்களித்து ஆட்களை அங்கே அனுப்புகிறான்.

கோட்டையைத் தாண்டினால் பழைய கறுப்பர் நகரம். வெள்ளையர் வைத்த பெயர் அது! சௌகார்பேட்டையில் குசராத்தியும் மார்வாரியும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தில் கேட்கும். ஆர்மீனியன் தெருவை நம் மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்றே வழங்கினர். அங்கே 1772ஆம் ஆண்டில் எழுப்பிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. ஏடு படிக்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி: ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதன்முதல் வெளிவந்த இதழ், ஆர்மீனியாவில் வெளிவரவில்லை, 1794இல் நம் சென்னையில் அச்சாயிற்று! பெயர் அஸ்தரார். நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். தன் நாட்டில் வாய் திறக்க வழியில்லாத ஒரு மொழிக்கு, நம் ஊர் அச்சுக்கூடம் வாய் கொடுத்தது.

பொழுது சாய்ந்துவிட்டது, பசிக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார். அத்தோ சாப்பிடு, வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா குடி. பர்மா உணவு விற்பவர் தமிழர்! பாட்டன் காலத்தில் இரங்கூனுக்குப் பிழைக்கப் போனார்கள். வயலை விளைத்தார்கள், மூட்டை தூக்கினார்கள். 1960களில் அந்நாட்டு அரசு கடைகளையும் தொழில்களையும் பறித்தது. அன்னியர் என்று ஒதுக்கியது. கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் எழுந்த கடைவீதி இது. இலங்கைத் தோட்டம், மலேயா ரப்பர்க்காடு, பிஜித் தீவின் கரும்புத் தோட்டம், எங்கெங்கோ போய் உழைத்த இனம் நம் இனம். அன்னியன் என்ற சொல் எப்படிச் சுடும் என்பது நமக்கல்லவா தெரியும்?

ரயிலில் ஏறியவர்கள்

கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் திரும்பு. 1931 முதல் ஓடும் தடம் இது. பூங்கா நிலையத்தில் ஒரு கூட்டம் ஏறும். தோளில் பை, கையில் வாளி, கண்ணில் இரண்டு நாள் தூக்கக்கலக்கம். பீகார், ஒடிசா, வங்காளம், சார்க்கண்டு. சென்ட்ரலில் இறங்கி, உன்னைப் போலவே உழைக்க வருகிறார்கள். உன் ஊரின் மெட்ரோ ரயிலுக்குப் பூமியைக் குடைந்தவர்களில் அவர்கள் ஏராளம். அதே கேள்வியைக் கேட்டுப் பார். இவன் எதற்கு வந்தான்? வயிற்றுக்கு. எதை விட்டுச் செல்கிறான்? நீ பயணம் செய்யும் சுரங்கத்தை, உன் பிள்ளை படிக்கும் கட்டடத்தை.

"அவன் குறைந்த கூலிக்கு வருகிறான்; என் கூலியும் குறைகிறதே!" என்பாய். உண்மையான வருத்தம், தள்ளிவிட மாட்டேன். ஆனால் குறைந்த கூலியை நிர்ணயித்தவன் யார்? அவனா, ஒப்பந்தக்காரனா? ஒரே வேலைக்கு வெளிமாநிலத் தொழிலாளிக்குக் குறைந்த கூலி தரக்கூடாது என்று 1979லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த நீதியைக் கேட்டு வாங்க அவனுக்கு மொழி தெரியவில்லை, துணையில்லை. நீ துணை நின்றால் அவன் கூலி உயரும். அவன் கூலி உயர்ந்தால் உன் கூலி நிலைக்கும். அவனை விரட்டினால்? 1921இன் பெரம்பூரை மறவாதே!

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப்படங்களைப் பரப்பினார்கள். பீகார் அதிகாரிகளே நேரில் வந்து விசாரித்தார்கள், புளுகு அம்பலமாயிற்று. பொய்யென்று நிரூபித்தது நமக்குப் பெருமை. அது மெய்யாகும் நாள் ஒருபோதும் வரவிடாமல் காப்பது நம் கடமை. மொழித் திணிப்பை எதிர்த்தோம், எதிர்ப்போம். அந்த மொழி பேசும் ஏழையோடு நமக்குப் பகையில்லை. திணிப்பவன் தில்லியில் இருக்கிறான். உழைப்பவன் உன் பக்கத்து இருக்கையில் இருக்கிறான்.

ஆகவே தோழா, அடுத்த ஞாயிறும் ஒருமுறை புறப்படு. இம்முறை தனியாகப் போகாதே. உன் பட்டறையில் அடுத்த இயந்திரத்தில் நிற்கும் அந்த வடநாட்டுப் பையனையும் அழைத்துப் போ. தமிழ் தெரியாவிட்டால் என்ன, வழியில் நாலு சொல் கற்றுக்கொடு. சைதாப்பேட்டைப் பாலத்தில் நிறுத்தி, உஸ்கானின் கதையைச் சொல். அவனும் இந்த ஊருக்கு ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.