அமிலமும் மூலமும்

கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியிட்டுத் தேய்த்தால் அது பளபளக்கின்றது. விளக்கின்மேற் படிந்த கறையிலே செம்பின் ஒட்சைட்டு உண்டு. அஃது ஒரு மூலம். புளியிலே இருப்பது தாத்தாரிக்கமிலம். இரண்டும் கூடி, நீரிற் கரையும் உப்பாகிக் கழுவுண்டு போகின்றன. இவ்வாறு அமிலமும் மூலமும் ஒன்றையொன்று தணித்து உப்பும் நீரும் ஆகும் தாக்கத்தை இரசாயன நூலார் நடுநிலையாக்கல் என்பர்.

நீரிற் கரையும் மூலங்களுக்குக் காரங்கள் என்று பெயர். அமிலம் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும். காரம் சிவப்புத் தாளை நீலமாக்கும். சோடியமைதரொட்சைட்டு என்னும் காரமும் ஐதரோகுளோரிக்கமிலமும் தனித்தனியே தோலைப் புண்ணாக்க வல்லன. ஆயினும், முன்னதில் 40 கிராமும் பின்னதில் 36.5 கிராமும் நீரிற் கரைந்து கலந்தால், 58.5 கிராம் கறியுப்பும் 18 கிராம் நீருமே விளைகின்றன. இந்த அளவு பிசகினால், எது மிஞ்சுகின்றதோ அதன் குணமே நிற்கும்.

உணவு செரிப்பதற்கென இரைப்பையிற் சுரப்பதும் ஐதரோகுளோரிக்கமிலமே. அதனால் நெஞ்செரிவு உண்டாகும்போது, வலுக்குறைந்த மூலமாகிய மகனீசியமைதரொட்சைட்டுக் கலந்த மருந்தை வைத்தியர் கொடுப்பதுண்டு. அமிலத்தை அளவோடு தணிப்பதே அதன் நோக்கம், அடியோடு போக்குவதன்று.

மண்ணுக்கும் இவ்விதி பொருந்தும். மலைநாட்டுத் தேயிலைச் செடி புளிப்பு மண்ணை விரும்புவது. ஆனால், அமோனியச் சல்பேற்றுப் போன்ற உரங்களை ஆண்டுதோறும் இடுவதால் அப்புளிப்பு வரம்பு மீறுகின்றது. அதனைக் குறைக்கவே தோட்டங்களிலே தொலமைற்றுத் தூள் தூவுகின்றனர். மண்ணை முற்றும் நடுநிலையாக்கினாலோ தேயிலை செழிக்காது.

இனி, நேயர்கள் மறவாது மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நடுநிலையாக்கல் நிகழும்போது வெப்பம் பிறக்கும். மேலே கூறிய 40 கிராம் காரம் நடுநிலையாகும்போது வெளிப்படும் வெப்பம், ஓர் இலீற்றர் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 13 பாகை செல்சியசு உயர்த்தப் போதியது. இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போமிக்கமிலமோ, மோட்டார் வண்டி மின்கலத்திலுள்ள சல்பூரிக்கமிலமோ உடலிற் பட்டுவிட்டால், "அமிலத்துக்கு மாற்று மூலந்தானே" என்றெண்ணிச் சுண்ணாம்பு பூசுவோர் உளர். அது பெருந்தவறு. அமிலம் அரித்த புண்ணை அவ்வெப்பம் மேலும் சுடும். சுண்ணாம்பும் தன் பங்குக்கு அரிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வையே பறிபோகலாம்.

அவ்வேளையிற் செய்யத்தக்கது, அமிலம் தோய்ந்த உடையைக் களைந்து, பட்ட இடத்தை ஓடும் தூய நீரினால் 20 நிமிடத்துக்குக் குறையாமற் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்வதே. விளக்குக்குப் புளி நன்று. மண்ணுக்குத் தொலமைற்று நன்று. புண்ணுக்கு நீரே நன்று.