நீரூற்றக் கொதிக்கும் கல்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய மிடா வந்து உட்கார்ந்துவிடும். காளவாயிலிருந்து ஓலைப்பெட்டியில் வந்த சுட்ட சுண்ணாம்புக் கற்களை அதில் கொட்டி, கொத்தனார் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு சாய்ப்பார். சிறிது நேரம் கல்லும் நீரும் ஒன்றையொன்று அறியாதவை போலக் கிடக்கும். பிறகு எங்கோ அடியில் ஒரு முனகல் கேட்கும். கற்கள் வெடித்துப் பிளந்து மாவாக உதிர, மிடாவின் வாயிலிருந்து ஆவி சுருள்சுருளாக எழும்பும். “சுண்ணாம்பு தாளிக்குது, பிள்ளைங்களெல்லாம் அந்தாண்டை போங்க, கண்ணிலே தெறிச்சா கண்ணு போயிடும்” என்று அவர் அதட்டுவார். அடுப்பு மூட்டவில்லை, தீக்குச்சி ஒன்று கிழிக்கவுமில்லை. ஆயினும் கிணற்றடியில் கையைச் சில்லிட வைத்த அதே தண்ணீர் கண்ணெதிரே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வந்தது என்பது மற்றொரு கேள்வி. முன்னது தத்துவ ஞானிக்கும் பின்னது கணக்கப்பிள்ளைக்கும் உரியவையாகத் தோன்றும். ஆனால் ரசாயன சாஸ்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், கணக்கப்பிள்ளையின் கேள்விக்குத்தான் முதலில் விடை கிடைத்தது என்பதும், அந்த விடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டே தத்துவ ஞானியும் பின்னால் நடந்தார் என்பதும் விளங்கும்.

வெப்பத்தை அளப்பது என்றவுடன் உஷ்ணமானியை எடுத்துக் கொண்டு வந்துவிடுவது நம் இயல்பு. உஷ்ணமானி காட்டுவது உஷ்ணநிலையை மட்டுமே. தீக்குச்சியின் சுடர், குளிப்பதற்கு அண்டாவில் காய்ச்சிய வெந்நீரைவிட எவ்வளவோ மடங்கு சூடானது எனினும், அந்தச் சுடரை நம்பி ஒருவன் குளிக்க முடியாது. இந்த வேற்றுமையைத் தெளிவாகக் கண்டவர் கிளாஸ்கோ நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் பிளாக். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டிக்கு எவ்வளவு வெப்பத்தை ஊட்டினாலும், கடைசித் துண்டு உருகித் தீரும்வரை உஷ்ணமானி பூஜ்ய டிகிரியை விட்டு அசைவதில்லை என்பதை 1760ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் ஆராய்ந்து, பனிக்கட்டி விழுங்கும் அந்த வெப்பத்துக்கு மறைவெப்பம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஒரு கிராம் தண்ணீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்தும் வெப்பத்தை ஒரு கலோரி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வேண்டும்.

இங்கேதான் பிரெஞ்சு தேசத்து மேதைகள் இருவரின் யுக்தி பிறக்கிறது. பனிக்கட்டி உருகும் அளவே வெப்பத்தின் அளவாகுமானால், உருகிய நீரைத் தராசில் நிறுத்துவிட்டால் வெப்பத்தையே நிறுத்ததாகிவிடும் அல்லவா? லவாய்சியரும் லாப்லாசும் 1782–83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸில் அப்படி ஒரு கருவியைச் செய்வித்தார்கள். ஒன்றனுள் ஒன்றாக மூன்று அறைகள்: நடுவிலுள்ள கம்பிக் கூட்டில் சோதிக்க வேண்டிய பொருள், அதைச் சுற்றிய அறையில் உருகுவதற்கான பனிக்கட்டி, அதற்கும் வெளியே, கூடத்தின் வெப்பம் உள்ளே புகாதபடி காவல் நிற்கும் மற்றொரு பனிக்கட்டி உறை. இரண்டாம் அறையில் உருகிய நீர் மட்டும் குழாய் வழியாக இறங்கும்; அதை நிறுக்க வேண்டியதுதான் பாக்கி. இதற்குக் கலோரிமானி என்று பெயர் வைத்த லவாய்சியர், லத்தீனிலும் கிரேக்கத்திலும் பாதிப் பாதியாகப் பிறந்த அந்தச் சொல்லுக்காக வாசகர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கலைச்சொல் படைக்கும் நம்மவர்களுக்கும் அந்தக் கூச்சம் கொஞ்சம் இருந்தால் நல்லது.

அந்தக் கம்பிக் கூட்டினுள் அவர்கள் கரியை எரித்தார்கள். உயிருள்ள கினிப்பன்றி ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள். பத்து மணி நேரத்தில் அந்தச் சிறு பிராணியின் உடல் வெப்பம் 13 அவுன்ஸ் பனிக்கட்டியை உருக்கியது. அதே நேரத்தில் அது மூச்சாக விடும் கரியமில வாயுவின் அளவைத் தனியே கண்டு, அவ்வளவு வாயுவைக் கரியை எரித்து உண்டாக்கினால் எவ்வளவு பனி உருகும் என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறையப் பத்தரை அவுன்ஸ் வந்தது. இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் அருகருகே நின்றன. சுவாசம் என்பது சுடரில்லாமல் மெல்ல நிகழும் ஓர் எரிதலே என்று சொல்ல அவர்களுக்கு அந்த அருகாமை போதுமானதாக இருந்தது. விஞ்ஞானத்தில் துணிவு என்பது பல சமயங்களில் இப்படி இரண்டரை அவுன்ஸ் இடைவெளியைத் தாண்டுகிற துணிவுதான்.

நம்முடைய பள்ளிக்கூடங்களில் பனிக்கட்டிக் கோட்டைகள் கட்ட வேண்டியதில்லை. ஒரு தெர்மோகோல் குவளையும் ஓர் உஷ்ணமானியும் போதும். ஒரு லிட்டர் கரைசலில் 36.5 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்படி செய்த நீர்மத்தில் 50 மில்லிலிட்டரையும், ஒரு லிட்டரில் 40 கிராம் காஸ்டிக் சோடா இருக்கும்படி கரைத்த நீர்மத்தில் 50 மில்லிலிட்டரையும் அக்குவளையில் கலக்குங்கள். கலக்குமுன் இரண்டும் 28 டிகிரியில் இருந்தன என்றும், கலந்தபின் உஷ்ணமானி 34.5 வரை ஏறி நின்றது என்றும் வைத்துக்கொள்வோம். கலவை ஏறக்குறைய 100 கிராம் நீருக்குச் சமம். ஏற்றம் ஆறரை டிகிரி. ஆகவே வெளிப்பட்ட வெப்பம் 650 கலோரி. நாம் எடுத்ததோ முழு அளவில் இருபதில் ஒரு பங்கு, எனவே 36.5 கிராம் அமிலம் முழுவதும் நடுநிலையடைந்தால் 13,000 கலோரி, அதாவது 13 கிலோகலோரி. நூல்களைப் பார்த்தால் பதின்மூன்றரையை ஒட்டிய எண் இருக்கும். குறைந்த அரை கிலோகலோரி காற்றிலும் குவளையிலும் உஷ்ணமானியின் கண்ணாடியிலுமாகச் சிந்திவிட்டது. கலோரி அளக்கும் கலையின் பாதி, இந்தச் சிந்தலைத் தடுப்பதும், தடுக்க முடியாததை மதிப்பிட்டுக் கூட்டுவதுமே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலத்தை எடுத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். ஏனெனில் எந்த வீரிய அமிலமும் எந்த வீரியக் காரமும் கூடும்போது உண்மையில் நிகழ்வது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி காரத்தின் ஹைட்ராக்சில் அயனியோடு சேர்ந்து நீராவது ஒன்றே. மற்றவை திருமணத்துக்கு வந்த கூட்டம்.

இவ்வாறு திறந்த பாத்திரத்தில், வாயுமண்டலத்தின் அழுத்தம் மாறாமல் இருக்கும்போது வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் வெப்பத்துக்கு என்தால்பி மாற்றம் என்று பெயர். வெப்பம் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, புதிய பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். காளவாயில் வேகும் சுண்ணாம்புக்கல்லை நினைத்துப் பாருங்கள். நூறு கிராம் கல், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. அந்த வாயு, அறையின் சாதாரண உஷ்ணநிலையில் கணக்கிட்டால், இருபத்துநான்கு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடத்தில் முன்பே குடியிருக்கும் காற்றைத் தள்ளித்தான் அது வெளியே வரவேண்டும். தள்ளுவதற்கு ஆகும் செலவு சுமார் 0.6 கிலோகலோரி. பொருளின் உள்ளே அடங்கிய சக்தியின் மாற்றத்தோடு இந்தத் தள்ளுகூலியையும் சேர்த்து எழுதிய கணக்கே என்தால்பி. வெளியே விட்ட வெப்பத்துக்குக் கழித்தல் குறியும் உள்ளே வாங்கியதற்குக் கூட்டல் குறியும் போடுவது மாணவர்களை மயக்கும். கணக்கு எழுதப்படுவது நமக்காக அன்று, பொருளின் பெயரில் என்பதை நினைவில் வைத்தால் மயக்கம் தீரும்.

எரியும் பொருள்களைத் தெர்மோகோல் குவளையில் வைத்து அளக்க முடியாது. அவற்றுக்காகப் பிரெஞ்சு ரசாயனியான பெர்த்தலோ, 1880களில் தடித்த எஃகுப் பாத்திரம் ஒன்றைக் கையாண்டார். உள்ளே பிராணவாயுவை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பி, மின்சாரத்தால் பொருளைப் பற்றவைத்து, சுற்றியுள்ள நீரின் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அதன் முறை. பெயர் குண்டுக் கலோரிமானி. வெடித்து எவரையும் வருத்துவதில்லை. மூடிய பாத்திரமாதலால் அங்கே தள்ளுகூலி இல்லை. அதைப் பின்னர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு கிராம் சர்க்கரையை எரித்தால் நாலு கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவாக வரும். பிஸ்கட் உறையில் அச்சிட்டிருக்கும் எண்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி, அளக்கவே முடியாத வெப்பங்களுக்கு வருவோம். ஜெனிவாவில் 1802இல் பிறந்து, சிறு வயதிலேயே ருஷியாவுக்குப் போய், வைத்தியம் படித்துச் சைபீரியாவின் இர்க்குட்ஸ்க் நகரில் மருத்துவராக இருந்து, பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் ரசாயனியாக நிலைத்தவர் ஹெஸ். கந்தகாமிலத்தை அவர் ஒருமுறை நேராக அம்மோனியாவோடு சேர்த்தார்; மற்றொருமுறை முதலில் நீரில் கலந்து, அப்போது எழுந்த வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் அம்மோனியாவோடு சேர்த்தார். நீர் கலந்த அமிலம் பின்னால் குறைவாகவே வெப்பம் தந்தது. ஆனால் குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் நீர் கலக்கும்போதே வெளிவந்திருந்தது. கூட்டினால் ஒரே தொகை. எத்தனை படிகளாகப் பிரித்து நடத்தினாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பமும் ஒன்றே என்று 1840இல் அவர் அறிவித்தார். சக்தி அழியாது என்னும் பேருண்மையை மேயர் எழுதியது 1842இல். ஜூல் தம் சோதனைகளை வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டில். வெப்பம் ஒரு திரவம் என்று பலரும் நம்பிய காலத்தில், அது என்ன என்று அறியாமலே அதன் கணக்கு தவறாது என்று ஒருவர் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பழனி மலைக்குப் படிவழியும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. நடப்பவனின் களைப்பு வேறுபடலாம். அடிவாரத்துக்கும் சந்நிதிக்கும் உள்ள உயரம் வேறுபடாது. ஹெஸ் கண்டது இந்த உயரத்தை. இதன் பயன் எவ்வளவு பெரியது என்பதற்குக் கரியே சாட்சி. கரி அரைகுறையாக எரிந்து, ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடாக மாறும்போது எவ்வளவு வெப்பம் வரும் என்பதை நேராக அளக்க முடியாது. எவ்வளவு ஜாக்கிரதையாக எரித்தாலும் ஒரு பகுதி முழுதும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். ஆனால் 12 கிராம் கரி முழுதும் எரிந்தால் 94.05 கிலோகலோரி என்பதையும், அதே கரியை அடக்கிய மோனாக்சைடு எரிந்தால் 67.6 என்பதையும் அளக்கலாம். கழித்துப் பார்த்தால் 26.4, எவரும் தனியே பிடித்துப் பார்க்காத எண் காகிதத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படியே வைரத்தையும் பென்சில் கரியான கிராபைட்டையும் தனித்தனியே எரித்துக் கழித்தால், 12 கிராமுக்கு அரை கிலோகலோரிக்கும் குறைவான வித்தியாசமே வரும். ராஜாக்கள் ரத்தம் சிந்திய பொருளுக்கும் பிள்ளைகள் கிறுக்குகிற பொருளுக்கும் வெப்பக் கணக்கில் அவ்வளவுதான் தூரம்.

தனிமங்கள் இயல்பாக இருக்கும் நிலையைப் பூஜ்யம் என்று, கடல் மட்டத்தைப் போல, ஓர் ஒப்பந்தமாகக் கொண்டு, அவை கூடி ஒவ்வொரு சேர்மமும் உண்டாகும்போது விடும் வெப்பத்தைப் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில், நூறு கிராம் கல்லுக்கும் அதற்கு ஈடான மற்ற அளவுகளுக்குமாக, சுண்ணாம்புக்கல்லுக்கு 288.5, சுட்ட சுண்ணாம்புக்கு 151.8, கரியமில வாயுவுக்கு 94.1, நீருக்கு 68.3, நீறிய சுண்ணாம்புக்கு 235.5 என்று இருக்கும். எல்லாம் கிலோகலோரி, எல்லாம் வெளியே விட்டவை. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மிடாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

நூறு கிராம் கல்லைப் பிளக்கக் காளவாய் செலுத்தியது 42.6. புகையாகவும் அனலாகவும் வீணானது வேறு. கல்லுக்குள் சென்று தங்கியது இவ்வளவே. அந்தக் கல் மிடாவில் நீறியபோது, 151.8உம் 68.3உம் 235.5 ஆனதால், 15.4 வெளிவந்தது. 56 கிராமுக்கான இதை ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குப் பெருக்கினால் 275. முப்பது டிகிரியிலுள்ள நாலு லிட்டர் கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறையப் போதும். கொத்தனார் அதட்டியதில் தவறே இல்லை. ஆனால் காளவாய் கொடுத்த 42.6இல் 15.4 போனால் இன்னும் 27.2 நிற்கிறதே, அது எங்கே?

அது சுவரில் இருந்தது. மட்டையால் பூசிய வெள்ளை, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கி, நீரைக் கழற்றிவிட்டு, மாதக்கணக்கில் மறுபடியும் பழைய சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மாறும்போது அந்த 27.2ஐயும் விட்டுவிடுகிறது. கல்லில் தங்கிய விறகின் வெப்பம் முழுவதும் இவ்வாறு இரண்டு தவணைகளில் திரும்பி வந்தது: ஒரு தவணை ஆரவாரமாக மிடாவில், மற்றொன்று ஓசையின்றி எங்கள் கூடத்தில். புதிதாக வெள்ளையடித்த அறைதான் குளிர்ச்சி என்று பாட்டி அந்தச் சுவரோரமாகவே பாயை விரிப்பாள். ஈரச் சுவர் உலர்வதால் உண்டாகும் சில்லிப்பை உணர்ந்துகொண்டு அவள் முதுகை ஒட்டிப் படுத்திருந்த இரவுகளிலும், அந்தச் சுவர் தன் பாக்கி வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.