பழம், பயம், படம்

"டீச்சர், பாப்பா ஸ்கூல்ல பெரிய டிவி மாதிரி ஒண்ணு மாட்டிக்கிறாங்க. தொட்டா எழுதுது, தொட்டா அழியுது. இனிமே பிரைவேட்டுக்கு மாத்த வேணாம்ல?"

கேட்டவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் தம்பி. மகள் திருவொற்றியூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நான் வாழ்நாள் முழுக்க ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றே பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். தேரடிப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் தைரியமே ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. அவசரக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னால் தப்பாகிவிடும். இரண்டு டீ சொன்னேன், எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி.

முதலில் அந்தப் பெட்டி. இந்த மாதிரித் திரைகள் பலவற்றில் சட்டத்தின் ஓரம் முழுக்கக் குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கும். அவை விடுகிற ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஓரத்தில் கிளம்பி எதிர் ஓரத்தில் போய்ச் சேரும். வாசலில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி வைத்தது போல. விரல் வைத்தால் இரண்டு நூல் மறிக்கப்படும். எந்த இரண்டு என்று பார்த்து அந்த இடத்தில் புள்ளி வைத்துவிடும். அவ்வளவுதான் மந்திரம்.

நம் ஊரில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. எண்ணூர் சாம்பலும் கடற்கரை உப்பும் அந்த ஓரத்தில் படிந்தால் தூசியையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே கோடு இழுக்கும். பிள்ளைகள் "பேய் எழுதுது" என்று கத்துவார்கள். காலையில் உலர்ந்த துணியால் சட்டத்தைத் துடைப்பதை ஒருவர் வேலையாக வைத்தால் பேய் ஓடிவிடும்.

"அது பாடம் எடுக்குமா டீச்சர்?"

"படம் காட்டும்" என்றேன்.

படம் காட்டுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. விதை முளைப்பதை நான் ஈரப் பஞ்சில் வைத்து ஐந்து நாள் காத்திருந்து காட்டியிருக்கிறேன். ஐந்தாம் நாள் பாதிப் பேருக்கு எதற்குக் காத்திருந்தோம் என்பதே மறந்திருக்கும். திரை அதை அரை நிமிஷத்தில் காட்டும். பனிமலை, எரிமலை, நிலாவில் மனிதன் நடந்தது, இதெல்லாம் காசிமேட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் இல்லை. ஆனால் ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், பாதிக்குப் பாதி மீனவ வீட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் மீன்பிடித் துறைமுகம் பற்றி வீடியோ போட்டார்கள். வஞ்சிரத்தைக் காட்டி வேறு பெயர் சொல்லியது அந்தக் குரல். பின்வரிசைப் பையன் எழுந்து நின்று, "அது கிடையாது, எங்கப்பாவ கேளு" என்று திரையோடு சண்டை போட்டான். திரை பதில் சொல்லவில்லை, அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அன்றைக்கு அந்த வகுப்பில் பாடம் என்று ஒன்று நடந்தது என்றால் அந்தப் பையன் எழுந்து நின்றதுதான்.

திரைக்குத் தன் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. தொடக்கப் பள்ளியில் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு என்று பலகையில் எழுதியிருப்போம். உள்ளே முப்பது பிள்ளைகள் இருந்தால் ஐந்தாறு பேர் கதைப் புத்தகம் படிப்பார்கள், பத்துப் பேர் சொல்லைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள், மீதிப் பேர் 'க'வுக்கும் 'ச'வுக்கும் நடுவில் நிற்பார்கள். ஒரே வீடியோ எல்லாருக்கும் ஓடும். தலையாட்டுவதில் எல்லாரும் ஒன்றுதான்.

இதற்கு இந்தச் சென்னையிலேயே ஒரு பதில் கண்டுபிடித்திருந்தோம், கரண்ட் இல்லாமல். 2003-இல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலிப் பள்ளி, சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அதற்குத் தாய். பிறகு அது மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2007 வாக்கில் மாநிலம் முழுக்கவும் போனது.

தம்பிக்குப் புரியட்டும் என்று டீ கிளாஸால் பெஞ்சில் ஈர வட்டங்கள் வைத்துக் காட்டினேன். பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டிவிடுவது. எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று ஒரு படம் சுவரில் தொங்கும், அதற்குப் பெயர் ஏணி. பிள்ளை காலையில் வந்து தானே வருகை போட்டுக்கொண்டு, நேற்று எந்தப் படியில் நின்றோம் என்று ஏணியில் பார்த்து, தட்டிலிருந்து அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். மூன்று நாள் காய்ச்சலில் வராமல் போனாலும் விட்ட படியிலிருந்தே தொடரும். கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. எழுதியதையும் வரைந்ததையும் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டோம். நாங்களும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தோம். என் முட்டிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பிள்ளை படிக்கும்போது அதன் வாய் எப்படி அசைகிறது என்று முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

குறையில்லாமல் இல்லை. சில வகுப்புகளில் அட்டையைத் தள்ளிவிடுவதே வேலையாகிப்போனது. போர்டில் எழுதிப் போடாத டீச்சரம்மா சம்பளத்துக்கு என்ன செய்கிறார் என்று பெற்றோர் கேட்டார்கள். இன்றைக்குப் பல பள்ளிகளில் அந்தத் தட்டுகள் பரணில் இருக்கும். ஆனால் 'இந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது' என்ற கேள்விக்குச் சுவரே பதில் சொன்னது அந்தக் காலத்தில்தான்.

இதைவிடப் பழைய கதையும் இதே ஊரில் உண்டு. எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதன் பொறுப்புக்கு வந்தார். சென்னைப் பக்கம் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இது ஆகாது என்றார்கள். அவர் அந்த வேலையை எட்டு வயதுப் பையன் ஜான் ஃப்ரிஸ்கனிடம் கொடுத்தார். அவன் மற்ற சின்னப் பையன்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். 1797-இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக்க, 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. தொட்டால் எழுதும், தடவினால் அழியும். நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும்தான் கப்பலேறிப் போயிருக்கின்றன.

தம்பி சிரித்தார். "அப்ப இது ரிட்டர்ன் லோடு" என்றார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. தம்பியின் மூத்த பையன் அந்தக் கணக்கில் மாட்டியவன். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது அப்பாவோடு வண்டியில் போய்விடும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். பையனின் பாடம் அந்த கேபினுக்குள் வாட்ஸ்ஆப்பில் வந்து விழுந்துகொண்டிருக்கும். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உதவியாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் காட்டும், கேட்காது.

பள்ளியைத் திறந்து பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை. அதற்குத்தான் 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தொடங்கியது திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில், நமக்குத் தூரமில்லை. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்து வரை. பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துப் பார்ப்பது. எழுத்தில் நிற்பவர் அரும்பு, தன் வகுப்புப் பாடத்தைத் தாங்குபவர் மலர். டீச்சர் கையில் ஒரு செயலி இருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு, கேட்டு, விடையைப் பதிந்தால் யார் எங்கே என்று பட்டியல் வரும். பழைய ஏணிதான், சுவரிலிருந்து போனுக்கு வந்துவிட்டது.

பிறகு அரசு 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப் கொடுக்கவும், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கவும் பணம் ஒதுக்கியது. உங்கள் பாப்பா பார்த்த பெட்டி அந்த வரிசையில் வந்ததுதான். என்னைக் கேட்டால் டேப்தான் பெரிய விஷயம், டிவி இல்லை. டேப் பிள்ளையைப் பற்றி டீச்சருக்கு ஏதாவது சொல்லும். டிவி டீச்சரைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்லும்.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு, மறைக்கவில்லை. பதிவதற்காகவே பதியும் வேலை. வருகைப் பதிவு, இலவசப் பொருள் பதிவு, தேர்வுப் பதிவு என்று கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் வகுப்பு நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. பிள்ளை படிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனை எடுக்கிறோம். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எதிரே அந்தப் பிள்ளை படித்துக்கொண்டே இருக்கும், யாரும் கேட்காமல்.

"போனே கேட்கும்னு சொல்றாங்களே டீச்சர்?"

ஆமாம், கேட்கும். கூகுளின் ரீட் அலாங் என்று ஒரு செயலி, 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. தமிழிலும் உண்டு. தியா என்று ஒரு பொம்மைப் பெண் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை கதையை வாய்விட்டுப் படிக்க, படித்த சொல்லின் நிறம் மாறும், தடுக்கினால் அவள் சொல்லிக் கொடுப்பாள், நட்சத்திரம் கொடுப்பாள். கதையை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் 2022 ஜூனில் இதை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள்.

அது கேட்கிற விதம் மனிதர் கேட்கிற விதம் இல்லை. என்ன வரி வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். காதில் விழுந்த ஒலி அந்த வரிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். டிராஃபிக் போலீஸ் சலானை வைத்துக்கொண்டு வண்டி நம்பரை ஒத்துப் பார்ப்பது போல. வெளியே ஏர் ஹாரன் அடித்தால் குழம்பும், பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்து படித்தால் குழம்பும். இருக்கட்டும், அதெல்லாம் சின்னக் குறை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

'பழம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்.

முதல் பெண் ராயபுரத்துக்காரி. 'பயம்' என்று படிக்கிறாள். அவள் வீட்டில் வாயப்பயம், கெயவி, மயை என்றுதான் பேச்சு. 'ழ'வைக் காட்டி எந்த எழுத்து என்று கேளுங்கள், சரியாகக் கைவைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். நாக்குக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். அவள் பேச்சைக் கேலி செய்யாத டீச்சராக இருந்தால் மார்கழிக்குள் சரியாகிவிடும், ஆகாவிட்டாலும் குடிமுழுகாது.

இரண்டாவது பையன் 'படம்' என்கிறான். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்துவிட்டு நடுவை ஊகிக்கிறான். மூன்றாம் வகுப்பு வரை இந்த ஊகத்திலேயே ஓட்டிவிடுவான், அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். இவனைத்தான் இன்றைக்கே பிடித்து உட்கார வைத்து, நடு எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்க வைக்க வேண்டும்.

மூன்றாவது பெண், அப்பா அம்மா பீகாரிலிருந்து எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். 'பழம்' என்று 'ழ' சுத்தமாக விழப் படிக்கிறாள். தியா நட்சத்திரம் கொடுக்கிறாள். "பழம்னா என்னம்மா?" என்று கேட்டால் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பாள். அவள் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தால் தீரும்.

போனுக்குப் பெரும்பாலும் முதல் இருவரும் ஒன்று, தப்பு. மூன்றாமவள் சரி. டீச்சருக்கு மூன்று பேருக்கும் மூன்று மருந்து. போன் வீண் என்று நான் சொல்லவில்லை. முப்பது பேர் படிப்பதையும் தினமும் கேட்க எனக்கு முப்பது காது இல்லை. பத்துப் பேர் போனிடம் படித்துக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் நான் 'படம்' என்று படித்தவன் பக்கத்தில் போய் உட்காரலாம். அந்த உட்காருகிற பத்து நிமிஷத்தை எந்தக் கருவி எனக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறதோ அதை வாங்கி மாட்டுங்கள். எது அதைப் பிடுங்குகிறதோ, இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

"அப்ப பாப்பா ஸ்கூலு?"

போய் டிவியைப் பார்க்காதீர்கள், தம்பி. பாப்பா மொட்டா மலரா என்று டீச்சரைக் கேளுங்கள். போனை எடுத்துப் பார்க்காமலே சொன்னால் அங்கேயே விடுங்கள். பிரைவேட்டுக்குப் போனாலும் இதே கேள்வியைக் கேளுங்கள், வேறு வார்த்தையில்.

டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். மறுவாரம் வந்தபோது பாப்பாவும் கூட வந்திருந்தாள், கையில் அப்பாவின் போன். "டீச்சர், அப்பா நேத்து தியா கிட்ட படிச்சாரு" என்றாள். தம்பி தலையைச் சொறிந்தார். ராத்திரி மகளோடு உட்கார்ந்து அவரும் ஒரு கதை படித்திருக்கிறார், வாயப்பயம் கதை.

"ஸ்டார் குடுத்துச்சு டீச்சர், அஞ்சும்."

"குடுத்துடுச்சு" என்றாள் பாப்பா, அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்து. "எங்க மிஸ்ஸா இருந்தா திரும்பப் படிக்கச் சொல்லிருப்பாங்க."