பார்த்தவர் எல்லாரும் வாங்கியிருப்பார்களா?

இருபது ஆண்டுகளுக்கு முன் பேராக்கின் பசார் மாலாம்களில் புதுப்படத் திருட்டு விசிடிகள் விரிப்பில் பரப்பிக் கிடக்கும். வட்டு அச்சடிக்க உரிமம் கட்டாயம் என்று 2000இல் ஒளித்தட்டுச் சட்டம் வந்தது. விசிடி ஒழிந்தது சட்டத்தால் மட்டுமல்ல, கைப்பேசியாலும்தான். இன்று அதே படம் டெலிகிராம் குழுவிலோ டிவி பாக்ஸிலோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இதனால் கலைஞனுக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்? பத்தாயிரம் பேர் திருட்டாகப் பார்த்தால் பத்தாயிரம் டிக்கெட் போச்சு என்பது தயாரிப்பாளர் தரப்பு வழக்கமாகப் போடும் கணக்கு. அது தவறு. சுங்கை சிப்புட் பக்கம், பழைய கித்தாத் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு மாறிய ஐந்து பேர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈப்போவுக்கு வந்து படம் பார்த்துத் திரும்ப டிக்கெட், பெட்ரோல், தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் நூறு ரிங்கிட்டைத் தொட்டுவிடும். டெலிகிராம் இல்லாவிட்டால் அவர்கள் தியேட்டருக்கா போயிருப்பார்கள்? படம் டிவியில் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். ஈப்போ நகரிலேயே இருந்துகொண்டு, சம்பளமும் காரும் உள்ள இளைஞன் வெளியான மறுநாளே திருட்டுப் பிரதியைப் பார்த்தால் கதை வேறு. அங்கே ஒரு டிக்கெட் நிச்சயமாகப் போகிறது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்துச் செய்வித்த ஓர் ஆய்வு 2015இல் முடிந்தும் 2017 வரை வெளியே வரவில்லை; நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டு வாங்கித்தான் வெளியிட்டார். இசை, நூல் விற்பனை திருட்டால் சரிந்தது என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. புதிய பெரும் படங்களில் மட்டும் பாதிப்பு தெரிந்தது: பத்து முறை திருட்டாகப் பார்க்கப்பட்டால் முறையான வழியில் பார்ப்பது நான்கு குறைந்தது. வெளியீட்டுக்கு முன்பே கசிந்த படங்களின் வசூல், பின்னர் கசிந்தவற்றைவிட 19 விழுக்காடு குறைவு என்கிறது 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. ஆக, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எப்போது பார்த்தார்கள் என்பதே முக்கியம்.

மலேசியாவில் படமாக்கப்பட்ட 'கபாலி' 2016இல் வெளியாகும் முன்பே கசிந்தது. நூற்றுக்கணக்கான இணையதளங்களை முடக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ரஜினி படம் அதையும் தாண்டி ஓடும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்லி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வான சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' போன்ற உள்ளூர்ப் படங்களின் நிலை அப்படியல்ல. சில திரையரங்குகளில் முதல் இரண்டு வாரம் நின்றால்தான் மூன்றாவது வாரம். அந்த நேரத்தில் கசிந்தால் எழ முடியாது. 'நாங்கள் பார்த்தால் விளம்பரம்தானே' என்பார் சிலர். சில படங்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இலவசமாகக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் படம் எடுத்தவர்தான் தீர்மானிக்க வேண்டும், பார்ப்பவர் அல்ல.

நட்டத்தைத் துல்லியமாக நிரூபிக்க முடியாது என்பதை 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அறிந்தே இருக்கிறது. உரிமையாளர் சிவில் வழக்குப் போட்டால், இழந்த விற்பனையைக் காட்டாமலே சட்டம் வகுத்த இழப்பீட்டைக் கேட்கலாம்: ஒரு படைப்புக்கு அதிகபட்சம் 25,000 ரிங்கிட், மொத்தத்தில் 500,000 வரை. தடையுத்தரவும் கேட்கலாம். கவிதைத் தொகுப்பை ஐந்நூறு பிரதி அச்சிட்டு, அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்து நொந்துபோகும் எழுத்தாளருக்கும் இது பொருந்தும்.

பார்ப்பவர்களுக்கும் பரப்புபவர்களுக்கும் என்ன ஆபத்து? திருட்டுப் பிரதியை விற்பதும் பரப்புவதும் குற்றம்; பிரதிக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ஒரே படைப்பின் மூன்று திருட்டுப் பிரதிகள் கையில் இருந்தால், சொந்த உபயோகத்துக்கு அல்ல என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மாறாக நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. திரையரங்கில் கைப்பேசியில் படம் பிடிப்பது தனிக் குற்றம். கள்ள ஒளிபரப்புக்கான பெட்டியையோ செயலியையோ விற்பவருக்கு, 2022 திருத்தத்தின்படி 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை.

சட்டத்தைவிட எனக்குப் பயம் அந்தப் பெட்டியின் மேல்தான். மலிவு ஆண்டிராய்டு பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றப்பட்டிருப்பதை 2023இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2025இல் அமெரிக்காவின் எஃப்பிஐயும் எச்சரித்தது. அதே வைஃபையில்தான் நீங்கள் வங்கிச் செயலியையும் திறக்கிறீர்கள்.

படைப்பாளிகளுக்கு ஒன்று. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் படைப்பை அறிவித்து வைத்தால், தகராறு வரும்போது அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்றாகும். திருட்டுப் பிரதி மலேசியச் சேவை வழங்குநரின் தளத்தில் இருந்தால் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுங்கள்; 48 மணி நேரத்துக்குள் அவர்கள் அகற்ற வேண்டும். பெட்டி விற்கும் கடையைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சின் ஈப்போ அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகாருக்கு முன் திரைப்பிடிப்பு, இணைப்பு, தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். டெலிகிராம் குழுவில் சண்டை போட்டால் அதை நடத்துபவர்கள் குழுவை அழித்துவிட்டு வேறு பெயரில் தொடங்குவார்கள்.